'நீங்க' என்று அழைத்த பதினாறு கோடைகள்

கோடைக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஆலைச் சங்கு ஊதினால் போதும், ஐரி முகம்கூடக் கழுவ மாட்டாள். தலையில் மரத்தூளோடு பஸ் நிலையத்துக்கு ஓடுவாள். ஒட்டுப்பலகை ஆலையில் அவளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. மெல்லிசாகச் சீவிய மர ஏட்டில் கணு விழுந்து ஓட்டையான இடத்தை வெட்டியெடுத்துவிட்டு, நல்ல ஏட்டிலிருந்து அதே அளவுத் துண்டை வெட்டிப் பொருத்த வேண்டும். வாரம் முழுக்க அதையே செய்து செய்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. இருந்தாலும் கோர்த்தெ ஏரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளைவிடச் சந்தோஷமான ஆள் ஹாமே மாகாணத்திலேயே இருக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். ஹாமே ஆட்கள் வாயைத் திறக்கவே மூன்று நாள் யோசிப்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வது வழக்கம். ஐரிக்கு நாலு நாள் வேண்டும்.

ஏரிவீட்டைக் கட்டியது அவளுடைய அப்பா. யாரோ பிரித்துப் போட்ட பழைய களஞ்சியத்தின் மரங்களைக் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பினார். ஒரே அறை, அதில் ஒரு அடுப்பு. தண்ணீரை ஒட்டிச் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறை, முன்னால் மரத்துறை, அதில் கட்டிய துடுப்புப் படகு. அவர் அறுபத்தாறாம் வருஷம் மாரடைப்பில் போன பிறகு அவருடைய வேலைகள் ஒவ்வொன்றாக ஐரியின் கைக்கு வந்தன. கேட்டு வாங்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. விடிந்ததும் வலையை எடுப்பாள். விறகு பிளப்பாள். சனிக்கிழமை மத்தியானமே சவுனா அடுப்பை மூட்டிக் கல்லைச் சூடேற்றுவாள். உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் கிளைக் கட்டுகளை அவளே கட்டுவாள். சாயங்காலம் அவளும் அம்மா ஹில்யாவும் சேர்ந்து சவுனாவுக்குள் போவார்கள். கல்லில் ஊற்றிய தண்ணீர் சீறி ஆவியாகி மேலே வர, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஐரி அம்மாவின் முதுகைத் தேய்த்துவிடுவாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா முழுசாகத் தன்னுடையவள் என்று அவளுக்கு இருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஜூலையில் தம்பி ரெய்யோ கல்யாணம் பண்ணிக்கொண்டு பெண்டாட்டியை ஏரிவீட்டுக்குக் கூட்டிவந்தான். மின்சார வேலை பார்ப்பவன், லஹ்தி நகரத்தில் குடித்தனம். பெண்ணின் பெயர் கெர்த்து. அவளுடைய குடும்பம் கரேலியாவிலிருந்து போரின்போது வீடு, நிலம், ஏரிக்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த குடும்பம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய் ஓயாது. காரிலிருந்து காலை வெளியே வைப்பதற்குள் கெர்த்து பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அடேயப்பா, இதுதானா உங்க ஏரி? ரெய்யோ குட்டைன்னு சொன்னான், நான் வாத்து நீந்துற குட்டைன்னு நெனச்சேன்!"

ஹில்யா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "நான் ஹில்யா. பேர் சொல்லியே கூப்பிடு. நீங்க வாங்கன்னெல்லாம் வேண்டாம்."

அந்தக் காலத்தில் அதுதான் முறை. வயதில் பெரியவர் கை கொடுத்து 'நீன்னே சொல்லு' என்று சொன்னால்தான் சிறியவர் 'நீங்க'வை விட முடியும். ஊரில் இளவட்டங்கள் அதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த சமயம். அதிலும் ஒரே குடும்பத்துக்குள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கெர்த்து சிரித்த முகத்தோடு ஐரியின் பக்கம் திரும்பினாள். ஐரியும் கை கொடுத்தாள்.

"வாங்க" என்றாள். "பிரயாணம் நல்லா இருந்துச்சா உங்களுக்கு?"

ரெய்யோ அக்காளை முறைத்தான். "என்ன ஐரி, பேங்க் மேனேஜர்கிட்டப் பேசற மாதிரி?"

"மரியாதை குடுக்கறது தப்பா?" என்று கேட்டுவிட்டு ஐரி விறகு பிளக்கப் போனாள். பிளக்க வேண்டிய விறகு எதுவும் இல்லை.

சாயங்காலம் சவுனா தயாரானதும் ஐரி இரண்டு துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மா வாசலில் நின்று, "கெர்த்து, வாயேன். மூணு பேரா உக்கார இடம் பத்தாது. ஐரி அப்புறமா வருவா" என்றாள்.

ஐரி சவுனாவின் வெளிப்படியில் உட்கார்ந்து கொசு விரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கெர்த்துவின் குரல் ஓயாமல் கேட்டது. கரேலியாவில் அவளுடைய பெரியப்பா ஒருத்தர் சவுனாவிலிருந்து அம்மணமாக ஓடி ஏரியில் குதிக்க நினைத்து, கண்ணில் சோப்புத் தண்ணீரோடு எதிர்த்திசையில் ஓடிப் பாதிரியாரின் தோட்டத்தில் போய் நின்ற கதை. பாதிரியாரின் மனைவி கீரை பறித்துக்கொண்டிருந்தாளாம். அம்மா சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு அடக்க முடியாமல், மூச்சு வாங்க, பலகையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

ஐரிக்கு நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்தது போலிருந்தது. மூன்று வருஷம். எத்தனை சனிக்கிழமை இதே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளாவது அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் முடிந்திருக்காது. அது இவளுக்குக் காரிலிருந்து இறங்கிய மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஐரி கெர்த்துவை 'நீங்க' என்றே கூப்பிட்டாள். கெர்த்துவும் வேறு வழியில்லாமல் அவளை 'நீங்க' என்றாள். ஒரே மேஜையில் ஒரே சட்டியிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துத் தின்றுகொண்டு, "அந்த வெண்ணெயைக் கொஞ்சம் நகத்துவீங்களா?" "இந்தாங்க, எடுத்துக்குங்க" என்று பேசிக்கொள்வார்கள். ரெய்யோ முதல் வருஷம் கோபப்பட்டான், இரண்டாம் வருஷம் கேலி செய்தான், மூன்றாம் வருஷம் மறந்துவிட்டான்.

கெர்த்து செய்ததெல்லாம் ஐரிக்குக் குற்றம். கெர்த்து பீரக்கா சுடுவாள். கறுப்பு மாவை நிலா வட்டமாகத் தேய்த்து, நடுவில் பாலில் வெந்த அரிசிக் கஞ்சியை வைத்து, ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மடிக்கிற வேகத்தைப் பார்க்கக் கண் போதாது. அம்மா ஒரே மூச்சில் நாலு தின்பாள். ஐரி பிடிக்கிற முய்க்கு மீனை இரண்டுக்கு மேல் தின்ன மாட்டாள், வயிறு நிறைந்துவிட்டது என்பாள். பிர்ச் கிளைக் கட்டுக்கு ஹாமேயில் 'விஹ்தா' என்று பேர். கரேலியப் பக்கம் 'வஸ்தா' என்பார்கள். இந்தச் சண்டை அந்த நாட்டில் எல்லாக் கல்யாண வீட்டிலும் நடக்கிற சண்டைதான், சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம். ஒரு சனிக்கிழமை அம்மா சவுனா வாசலிலிருந்து, "ஐரி, அந்த வஸ்தாவை எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தாள். அறுபது வருஷமாக ஹாமேயை விட்டு வெளியே போகாத அம்மா. ஐரி அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் படகை அவிழ்த்து ஏரியின் நடுவே போய், இருட்டாத அந்தக் கோடை சாயங்காலத்தில், ஒருவருமில்லாத தண்ணீரைப் பார்த்து நன்றாகத் திட்டினாள். தண்ணீரில் சத்தம் தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அக்கரைக்காரர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

ஒரு வருஷம் கெர்த்து பாதையோரத்தில் கறுப்புத் திராட்சைப் புதர் மாதிரியான பெர்ரிச் செடி நாலு நட்டாள். ஐரி யாரும் பார்க்காத நேரத்தில் துணி அலசிய சோப்புத் தண்ணீரையெல்லாம் வாளி வாளியாக அதன் வேரில் கொட்டினாள். அடுத்த கோடையில் செடி இடுப்புயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பூச்சியெல்லாம் செத்துவிட்டதாம். "என்ன மண்ணு பாருங்க!" என்று கெர்த்து பூரித்துப் போனாள். ஐரி அந்தப் பழத்தில் போட்ட ஜாமை ரொட்டியில் தடவித் தின்றாள். நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

ஐரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரெய்யோவுக்கும் கெர்த்துவுக்கும் குழந்தை பிறக்கவில்லை. வருஷங்கள் போயின.

எழுபத்தெட்டாம் வருஷம் வசந்தத்தில் ஹில்யாவுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. டாக்டர் மாடிப்படி ஏற வேண்டாம் என்றார். ஏரிவீட்டில் ஏது மாடி என்று அவள் மே மாதமே அங்கே வந்துவிட்டாள். ஜூன் கடைசியில் யுகான்னுஸ் பண்டிகை. வருஷத்தின் மிக நீண்ட பகல். வாசலில் இரண்டு பிர்ச் கன்றுகளை நட்டு, கரையில் பெரிய தீ மூட்டி, சவுனாவில் குளித்து, ஊரே ஏரிக்கரையில் இருக்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள்:

"நீ ஊருக்குப் போனதும் கெர்த்துவுக்குப் போன் பண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வியாழக்கிழமையே வரச் சொல்லு. இந்தத் தடவை அவளோட நாலு நாள் இருக்கணும் போல இருக்கு."

அவளோட. ரெய்யோவோட இல்லை, என் பிள்ளைங்களோட இல்லை.

செவ்வாய்க்கிழமை ஐரி போன் பண்ணினாள். கெர்த்துதான் எடுத்தாள்.

"அம்மாவுக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள் ஐரி. "கூட்டம் ஆகாதாம். இந்த யுகான்னுஸுக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

வாய் ஓயாத கெர்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஹில்யாவா சொன்னா?"

"ஆமாங்க."

"சரிங்க. நீங்க பாத்துக்குங்க அவளை."

போனை வைத்ததும் ஐரிக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு இனிப்பும் இருந்தது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு யுகான்னுஸ், அவளும் அம்மாவும் மட்டும்.

ஐரி கோடை விடுமுறை எடுத்துக்கொண்டு புதன்கிழமையே வந்துவிட்டாள். வியாழக்கிழமை அம்மா நீல ரவிக்கையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டாள். மரத்துறையில் போட்ட பெஞ்சில் முதுகைத் தண்ணீருக்குக் காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள். அக்கரையில் கார் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள்.

"ரெய்யோவுக்கு வேலை முடிஞ்சிருக்காது" என்றாள் ஐரி.

"கெர்த்துவுக்கு என்ன? அவ பஸ்ல வருவாளே."

வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தாள். மத்தியான பஸ் வருகிற நேரத்துக்கு எழுந்து, தலையில் முக்காடு கட்டிக்கொண்டு, ஐரி வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் சாலைக்கு நடந்தாள். பஸ் நிற்கிற இடம் பால்கேன் வைக்கிற மேடை. அரை மணி கழித்துத் திரும்பினாள். கையில் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. பஸ்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பெட்டியைத் திறந்தால் வரிசையாகப் பீரக்கா. மேலே ஒரு சீட்டு. அம்மா கண்ணாடியைத் தேடியெடுத்து நிதானமாகப் படித்தாள். ஐரிக்கு நின்ற இடத்திலிருந்தே அந்தக் குண்டு குண்டு எழுத்து தெரிந்தது. 'அன்புள்ள ஹில்யா, உனக்குக் கூட்டம் ஆகாது, யாரும் வர வேண்டாம் என்று சொன்னதாக ஐரி போன் செய்தார். அதனால் வரவில்லை. நன்றாக ஓய்வெடு. கெர்த்து.'

அம்மா சீட்டை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு பீரக்காவை எடுத்துத் தட்டில் வைத்து மகள் பக்கம் தள்ளினாள்.

"தின்னு."

"பசிக்கல."

"தின்னுடி."

ஐரி தின்றாள். 

சாயங்காலம் சவுனாவில் அம்மா எப்போதும் போல மேல் பலகையில் உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி வந்து இருவரையும் மூடியது. வெகு நேரம் கழித்து முதுகைத் திருப்பிக் காட்டினாள். ஐரி தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவின் முதுகில் எலும்பு தெரிய ஆரம்பித்திருப்பதை அன்றுதான் கவனித்தாள்.

"உன்ன மாதிரி முதுகு தேய்க்க ஆள் கிடையாது" என்றாள் அம்மா, திரும்பாமல். "அவளுக்குத் தேய்க்கத் தெரியல. பூனை பிராண்டற மாதிரி தேய்ப்பா. உனக்கு அது தெரியுமா?"

ஐரி தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியாது. ஏன்னா நீ வெளிப்படியில உக்காந்து என் சிரிப்பை எண்ணிக்கிட்டு இருந்த."

"அம்மா…"

"எனக்கு எத்தனை யுகான்னுஸ் பாக்கியிருக்குன்னு நீ நினைக்கற? அதுல ஒண்ணை எடுத்து உன் வயித்தெரிச்சலுக்குப் போட்டுட்ட." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நாளைக்குப் பண்ணை வீட்டுக்குப் போய் போன் பண்ணி அவங்கள வரச் சொல்லு."

"என்னன்னு சொல்லட்டும்?"

"எதையாவது சொல்லு. பொய்தான் உனக்கு நல்லா வருதே."

மறுநாள் காலை ஐரி மூன்று கிலோமீட்டர் நடந்து, பக்கத்தில் போன் இருந்த ஒரே இடமான பண்ணை வீட்டுக்குப் போய் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கெர்த்துவும் ரெய்யோவும் நண்பர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா அதற்குப் பிறகு பத்து நாள் ஐரியிடம் காபி, உப்பு, விறகு தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

ஜூலையில் கெர்த்து வந்தாள், எப்போதும் போலக் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே பேசிக்கொண்டு. அவள் முகத்திலும் அம்மா முகத்திலும் ஏதாவது தெரிகிறதா என்று ஐரி பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பிப்ரவரியில், ஏரி உறைந்து கிடந்தபோது, ஹில்யா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஏரிவீடு ஐரிக்கும் ரெய்யோவுக்கும் பொதுவானது. ரெய்யோ சண்டைக்கு வரவில்லை. "ஜூலை எங்களுக்கு, ஜூனும் ஆகஸ்டும் உனக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் 'நீங்க'ன்னு கூப்பிட்டுக்கறதைக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு" என்றான். அப்படியே ஆயிற்று. ஐரி ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது: ஏரி, சவுனா, படகு, எல்லாம் தனியாக. ஆகஸ்டில் வந்து பார்த்தால் அலமாரியில் கெர்த்து வைத்துவிட்டுப் போன ஜாம் பாட்டில்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருக்கும். எந்தத் தேதியில் இங்கே என்ன நடந்திருக்கும், யார் வந்திருப்பார்கள், எதற்குச் சிரித்திருப்பார்கள் என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசிப்பாள். ஆள் இல்லாதபோதும் பொறாமை இருந்தது.

எண்பத்துநாலில் ரெய்யோ கெர்த்துவை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனான். சீனிக்கா என்று பேர், வேலையிடத்துப் பழக்கம். கெர்த்துவுக்கு ஏரிவீட்டில் எழுத்துப்படி எந்த உரிமையும் இல்லை. செய்தி கேட்டதும் ஐரி முதலில் செய்த காரியம், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சந்தோஷம் வருகிறதா என்று காத்திருந்ததுதான். வரவில்லை.

அந்த ஆகஸ்டில் ரெய்யோ சீனிக்காவை அறிமுகப்படுத்தக் கூட்டிவந்தான். அவள் இறங்கியதும் ஐரியின் தோளில் கையைப் போட்டு, "ஐரிக்கண்ணு, உன்னைப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கேன்!" என்றாள். சவுனாவை எட்டிப் பார்த்து, "ஐயோ, இந்தக் கரிக்கூண்டை இடிச்சுட்டு மின்சார அடுப்பு வெச்சுடலாம் ரெய்யோ, சுவிட்சைப் போட்டா போதும்" என்றாள். பாதையோரத்துப் பெர்ரிச் செடிகள் கார் நிறுத்த இடைஞ்சலாக இருக்கின்றனவாம்.

"பாதி வீடு என்னோடது" என்றாள் ஐரி. "சவுனா என்னோட பாதியில இருக்கு. செடியும் என்னோட பாதியில இருக்கு."

"அதெப்படி? கோடு போட்டா வெச்சிருக்க?" என்றான் ரெய்யோ.

"இப்பப் போட்டுட்டேன்."

அவர்கள் போன பிறகு, மனசுக்குள் தான் சீனிக்காவைக் கெர்த்துவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும், ஒவ்வொரு விஷயத்திலும் கெர்த்துவே ஜெயித்துக்கொண்டிருப்பதும் ஐரிக்கு உறைத்தது. பதினைந்து வருஷம் ஒருத்தியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தால், அவளைப் போல அவளைத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கட்டின புருஷனுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

குளிர்காலம் முழுக்க யோசித்தாள். மே மாதம் கெர்த்துவுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதினாள். 'ஜூன் மாதம் என்னுடையது. யாரை அழைப்பது என்பதும் என் இஷ்டம். வெள்ளிக்கிழமை பஸ் நாலே முக்காலுக்கு வரும். ஐரி.'

பதில் வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை கெர்த்து இறங்கினாள். கையில் ஒரு பை, மாவு அப்பிய தேய்ப்புக் கட்டை அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் இளைத்திருந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. கெர்த்து பேசாமல் வருவது ஐரிக்குப் பயமாக இருந்தது.

காபி போட்டு மேஜையில் வைத்தாள். கெர்த்து கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.

ஐரிக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. "அந்த யுகான்னுஸ்ல அம்மா உங்கள வரவேண்டாம்னு சொல்லல" என்றாள். "வியாழக்கிழமையே வரச் சொன்னா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும்."

"அம்மா சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? நீங்க போன் பண்ணின அன்னைக்கே தெரியும். ஹில்யாவாவது, என்னைக் கூட்டம்னு சொல்றதாவது!"

"அப்ப ஏன் வரல?"

கெர்த்து திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "வந்திருக்கணும். அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கோபம் கண்ணை மறைச்சுடுச்சு. ஐரி மாட்டிக்கட்டும்னு நெனச்சேன். அதுக்குத்தான் பீரக்கா சுட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். அதுல ஒரு சீட்டும் வெச்சேன், உங்க பேரைத் தெளிவா எழுதி. நான் ஒண்ணும் தேவதை இல்லீங்க. எப்பவும் போல அடுத்த வருஷம் இருக்கும்னு நெனச்சேன். அவ துறையில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான்னு தோணல."

"ரெண்டு நாள் உக்காந்திருந்தா" என்றாள் ஐரி. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கெர்த்து கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஐரி பக்கத்தில் போய் நின்றாள். என்ன செய்வது என்று தெரியாமல் மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தாள்.

"அப்புறம் பத்து நாள் அம்மா என்கிட்டப் பேசவே இல்ல."

கைகளுக்குள்ளிருந்து கெர்த்துவின் குரல் வந்தது. "நல்லா வேணும்."

"ஆமா" என்றாள் ஐரி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "நீன்னே சொல்லு."

கெர்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "பதினாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் தோணிச்சா?"

"எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் மெதுவு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் கெர்த்து வந்தாள். சீனிக்காவுக்குக் கொசு ஆகவில்லை. ரெய்யோ ஐந்தாறு வருஷத்தில் தன் பங்கையும் அக்காளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஸ்பெயினில் வெயில் காயப் போனான். கெர்த்து முழுக் கோடையும் தங்க ஆரம்பித்தாள். ஐரியின் பொறாமை தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கெர்த்துவின் தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் ஐரிக்கு அன்று முழுக்கத் தலைவலி. கடைக்காரி கெர்த்துவிடம் மட்டும் நலம் விசாரித்தால் ஒரு வாரம் ரொட்டியை வேறு கடையில் வாங்குவாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட பிறகு, அக்கரையிலிருந்து தைஸ்தோ என்று ஒரு ஆள் படகில் வர ஆரம்பித்தார். சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நாலு வருஷம். புகைபோட்ட மீனைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார். மூன்றாம் வாரம் கெர்த்துவைச் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அக்கரைக் காட்டுக்குள் மரக்கூடம், அக்கார்டியன், ஜோடி ஜோடியாக டேங்கோ.

சனிக்கிழமை சாயங்காலம் கெர்த்து கண்ணாடி முன்னால் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஐரி பாத்திரம் கழுவினாள். ஒவ்வொரு தட்டும் உடையாமல் தப்பியது அதிசயம்.

"என்ன ஆச்சு இப்ப?" என்றாள் கெர்த்து.

"ஒண்ணுமில்ல."

"சட்டி கத்துது, நீ ஒண்ணுமில்லங்கற."

ஐரி கையிலிருந்த துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். அறுபது வயதில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. "எனக்குப் பொறாமையா இருக்கு."

"தெரியும்" என்றாள் கெர்த்து, இன்னொரு உதட்டுக்குப் பூசிக்கொண்டே. "முப்பது வருஷமாத் தெரியும். யார் மேலங்கறதுதான் மாறிக்கிட்டே இருக்கு. கிளம்பு, நீயும் வா."

"எனக்கு ஆடத் தெரியாது."

"உக்காந்து முறைச்சுக்கிட்டு இரு. அது உனக்கு நல்லா வரும்."

ஐரி போனாள். சுவரோரப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடியே, மூன்று டேங்கோ முடியும்வரை தைஸ்தோவை முறைத்தாள். நாலாவதுக்கு அவர் வந்து அவள் முன்னால் நின்று தலையைத் தாழ்த்திக் கையை நீட்டினார். மறுக்க வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் நடுவில் இருந்தாள். அவர் வண்டி ஓட்டுகிற மாதிரியே ஆடினார், முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு. இரண்டு தடவை அவள் காலை மிதித்தார். கெர்த்து பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தால் பெருவிரல் வீங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஐரி தடித்த தோல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கெர்த்துவுக்கு முன்னாலேயே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.